படியும் பயமும்

(பட்டிப்பொலவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஊருக்குப் புதிதாக வந்து மேடை ஏறுகிறவன் சமயத்தைப் பற்றியோ, கல்வியைப் பற்றியோ, சமுதாய முன்னேற்றத்தைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கமாக இருக்க, நான் படிக்கட்டைக் கண்டு அஞ்சுகிறவர்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அறிவித்தபோது, இக்கூட்டத்தை ஏற்பாடு செய்த அன்பர்கள் முதலில் சற்றுத் திகைத்தார்கள்; ஆயினும் மறுக்கவில்லை. அவர்கள் மறுக்காததற்குக் காரணம் இந்த ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1,891 மீட்டர் உயரத்தில், இலங்கைப் புகையிரத நிலையங்கள் அனைத்திலும் உயர்ந்ததைத் தன்னிடத்தே கொண்டிருக்கும் பட்டிப்பொலவில், ஒரு பந்து உருளாமல் நிற்கும் சமதரையைத் தேடித்தான் காணவேண்டும். லயத்து வீட்டிலிருந்து தண்ணீர்ப் பீலிக்கு இறங்கவும் படி, நிறைகுடத்தோடு திரும்பவும் படி. கோவிலுக்கும் படி, பள்ளிக்கூடத்துக்கும் படி. கொழுந்து மலைக்கும், மரக்கறித் தோட்டத்துக்கும், பிணி வந்தால் டிஸ்பென்சரிக்கும் படி. இப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்குப் படியைக் கண்டால் பயம் என்றால், அவருக்கு உலகமே தம் வாசற்படியோடு முடிந்துவிடுகிறது. ஆகவே இது அற்ப விஷயமன்று.

இந்தப் பயம் உள்ளவர்களை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஆனால் அவர்களுக்கு இந்தப் பயம் இருக்கிறது என்பதை மட்டும் பெரும்பாலும் அறியமாட்டீர்கள். ஏனென்றால் அதை மறைப்பதில் அவர்கள் மிகுந்த சாமர்த்தியசாலிகள். திருவிழாவுக்கு அழைத்தால் முழங்கால் வலி என்பார்கள். கலியாண வீட்டில் மாடியில் பந்தி என்றால் பசியில்லை என்பார்கள். பேரப்பிள்ளையின் பள்ளி விழாவுக்கு வராமல் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்பார்கள். ஏறுவதற்கு அஞ்சுகிறவர் சிலர். இறங்குவதற்கு அஞ்சுகிறவரோ பலர். கற்படியில் கவலையின்றி நடப்பவர், கீழே உள்ளது இடுக்கு வழியே தெரிகிற இரும்புப் படியில் கால் வைக்கக் கூசுவதுண்டு. வாழ்நாள் முழுவதும் செங்குத்தான மலையில் கூடையும் முதுகுமாக நிரை பிடித்துக் கொழுந்து பறித்த அம்மையார், கொழும்புக்குப் போன இடத்தில் ஒரு பெரிய கட்டடத்தின் அகன்ற படிக்கட்டின் உச்சியில், பிடிக்க ஒன்றுமின்றி நின்று நடுங்குவதுமுண்டு. ஆகவே பயம் வருவது உயரத்தால் மட்டுமே என்று சொல்ல இயலாது. கோழைத்தனத்தால் வருகிறது என்று சொல்வது அதைவிடப் பெரிய தவறு.

அப்படியானால் அது எதனால் வருகிறது? முதலில் சரீரத்தின் காரியத்தைப் பார்ப்போம். மனிதன் இரண்டு கால்களின் மேல் நிமிர்ந்து நிற்பது சாதாரணச் செயல்போல் தோன்றினாலும், கண்ணும், உட்செவியும், தசைகளிலும் மூட்டுகளிலும் பாதங்களிலும் உள்ள உணர்வும் இடையறாது ஒத்துழைப்பதாலேயே அது சாத்தியமாகிறது. உட்செவியில் உள்ள மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை எப்பக்கம் சுழல்கிறது என்பதை மூளைக்கு அறிவிக்கின்றன. அங்கேயே உள்ள வேறு இரண்டு சிறு பைகள் தலையின் சாய்வையும் முன்பின் அசைவையும் அறிவிக்கின்றன. நாம் அசையாமல் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதும் நம் உடல் சிறிது சிறிதாக ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. அருகில் ஒரு சுவரோ மரமோ இருந்தால், அந்த ஆட்டத்தைக் கண் உடனே கண்டுபிடித்துத் திருத்திவிடுகிறது. எதிரே பள்ளத்தாக்குத்தான் இருக்கிறது, அருகில் நிலையான பொருள் ஒன்றும் இல்லை என்றால், தொலைவில் உள்ள காட்சி நம் சிறு ஆட்டத்துக்கு இடம் மாறுவதாகத் தெரிவதில்லையாதலால், கண்ணின் உதவி குறைந்து, உடல் வழக்கத்தைவிட அதிகமாக ஆடுகிறது. அந்த ஆட்டத்தை உணர்கிற மனம், விழப்போகிறோம் என்று எச்சரிக்கிறது. எனவே உயரத்தில் தலை கிறுகிறுப்பது முழுவதும் மனப்பிரமை அன்று; அதற்குச் சரீரத்தில் பிரத்தியட்சமான காரணம் உண்டு.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினமாக இருப்பதற்கும் நியாயம் உண்டு. ஏறும்போது கண்ணுக்கு நேரே அடுத்த படி இருக்கிறது. தடுக்கினாலும் முன்னாலுள்ள படியில் கையூன்றிக்கொள்ளலாம். இறங்கும்போதோ கண்ணுக்கு நேரே வெறும் வெளி. முழு உடலின் பாரத்தையும் மடிந்த ஒற்றை முழங்காலில் தாங்கி, தொடைத் தசை மெல்ல நீண்டுகொடுக்க, மற்றொரு காலைக் கீழே கொண்டுபோய் வைக்கவேண்டும். படிகளில் விழுகிறவர்களில் பெரும்பாலோர் இறங்கும்போதே விழுகிறார்கள். வாசிப்பதற்கான வில்லையை அடியில் வைத்த மூக்குக்கண்ணாடி அணிந்த முதியவருக்கு, குனிந்து பார்க்கும்போது படியின் விளிம்பு மங்கித் தெரிவதால், இந்த இடர் இரட்டிப்பாகிறது. இவற்றோடு நம் ஊர் மூடுபனியையும், மழைக்காலத்துப் பாசியையும், தை மாசி விடியலில் புல்லின் மேல் வெண்மையாக உறைந்து கிடக்கும் பனியையும் கூட்டிக்கொண்டால், படியைக் கண்டு ஒருவர் தயங்குவது விவேகமே அன்றி வேறில்லை என்பது விளங்கும்.

இந்த விவேகம் மனிதனுக்கு மழலைப் பருவத்திலேயே வந்துவிடுகிறது. 1960இல் எலினோர் கிப்சன், ரிச்சர்ட் வாக் என்னும் இரு அமெரிக்க மனோதத்துவ அறிஞர்கள், தவழும் பருவத்துக் குழந்தைகளைக் கொண்டு செய்த ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மேசைபோன்ற ஒரு மேடையின் மேல் தடித்த கண்ணாடியைப் பதித்து, ஒரு பாதியில் கண்ணாடியை ஒட்டியே கட்டம்போட்ட துணியையும், மறுபாதியில் அதே துணியை வெகு கீழேயும் விரித்து, பார்வைக்கு மட்டும் ஒரு பள்ளம் தோன்றும்படி செய்தார்கள். ஆழமில்லாத பக்கத்திலிருந்து தாய் அழைத்தபோது குழந்தைகள் மகிழ்ச்சியோடு தவழ்ந்து சென்றன. பள்ளத்தின் பக்கத்திலிருந்து அழைத்தபோதோ, கண்ணாடி தாங்கும் என்பதைக் கையால் தட்டிப் பார்த்தும், பெரும்பாலான குழந்தைகள் போக மறுத்துவிட்டன.

இதனினும் நமக்குப் பயன்படுவது 1985இல் ஜேம்ஸ் சோர்ஸும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சி. அவர்கள் பள்ளத்தின் ஆழத்தைக் குறைத்து, போகலாமா கூடாதா என்ற சந்தேகம் குழந்தைக்கு எழும் அளவில் வைத்தார்கள். ஒரு வயதுக் குழந்தை விளிம்பில் வந்து நின்று தாயின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தது. தாய் புன்னகை செய்த 19 குழந்தைகளில் 14 குழந்தைகள் கடந்து சென்றன. தாய் அஞ்சிய முகம் காட்டிய 17 குழந்தைகளில் ஒன்றுகூடக் கடக்கவில்லை. வாய்ச்சொல் ஒன்றுகூட இல்லை, முகம் மட்டுமே! தாய்மார்களே, லயத்துப் படியில் உங்கள் பிள்ளை கால் வைக்கும்போது, “விழுந்திருவே! விழுந்திருவே!” என்று நாம் பதறுகிற பதற்றம் அப்பிள்ளையைப் படியிலிருந்து காப்பாற்றுவதைவிட, படிக்கு அஞ்சும்படி பழக்குவதையே அதிகம் செய்கிறது. பின்னால் ஓர் அடி இடைவெளியில் நின்று, கையை நீட்டி, முகத்தில் கலவரமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பதே உத்தமமான காவல்.

விவேகமாகத் தொடங்குகிற இந்த எச்சரிக்கை, சிலரிடத்தில் நோயாக முற்றுவது எப்படி? இங்கேதான் மனத்தின் காரியம் வருகிறது. ஒருவர் ஒருநாள் ஈரப்படியில் சறுக்கி விழுகிறார். அல்லது பிறர் விழக் காண்கிறார். அல்லது யாதொரு காரணமுமின்றி ஒருநாள் படியுச்சியில் தலை சுற்றுகிறது. மறுமுறை அந்த இடத்தை அணுகும்போது நெஞ்சு படபடக்கிறது. அவர் திரும்பிவிடுகிறார். திரும்பிய கணத்தில் படபடப்பு அடங்கி, பெரியதோர் ஆறுதல் உண்டாகிறது. அந்த ஆறுதல்தான் அபாயகரமானது. ஏனெனில் “திரும்பியதால் பிழைத்தேன்” என்று மனம் கற்றுக்கொள்கிறது. திரும்பாமல் நடந்திருந்தால் ஒன்றும் ஆகியிராது என்பதைக் கற்றுக்கொள்ளும் சந்தர்ப்பமோ அதற்குக் கிடைப்பதேயில்லை. இன்று இந்தப் படியைத் தவிர்த்தவர் நாளை அடுத்த படியையும் தவிர்க்கிறார். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளர்கிறது. பயம் வளர வளரத் தவிர்ப்பதும் வளர்கிறது.

முதியோரிடத்தில் இதனோடு மற்றொரு தீமையும் சேருகிறது. ஒருமுறை விழுந்த முதியவர், எலும்பு முறியாமல் தப்பியிருந்தும், அதன்பின் நடப்பதற்கே அஞ்சி, சுவரையும் கதவையும் பற்றிக்கொண்டு உலாவத் தொடங்குவதை மர்பி, ஐசக்ஸ் என்னும் மருத்துவர்கள் 1982இல் விவரித்து அதற்குத் தனிப் பெயரே இட்டார்கள். அஞ்சுவதால் நடப்பதில்லை, நடக்காததால் கால் தசை மெலிகிறது, தசை மெலிந்ததால் மெய்யாகவே தடுமாறுகிறார், தடுமாறுவதால் முன்னினும் அஞ்சுகிறார். விழக்கூடாதே என்ற அச்சமே விழுவதற்கு ஏதுவாகிவிடுகிறது. ஆகையால் “வயதாகிவிட்டது, அம்மாவை எங்கும் அனுப்பாதே, ஒரு மூலையில் உட்காரட்டும்” என்று அன்பின் பெயரால் நாம் செய்கிற ஏற்பாடு, அவருக்குச் செய்கிற தீங்காகவே முடிவதுண்டு.

இந்தப் பயம் நாகரிக வாழ்க்கையால் உண்டான புதிய நோய் என்று எண்ணுவோர்க்கு, நம் மலைநாட்டிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. 1344ஆம் ஆண்டில், மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இபின் பட்டூட்டா, மாலைதீவிலிருந்து கப்பலில் இலங்கைக் கரையை அடைந்தார். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி அவரை உபசரித்து, என்ன வேண்டும் என்று வினவ, பாதமலையைத் தரிசிப்பதொன்றே தம் விருப்பம் என்றார் அவர். அரசர் அவருக்குப் பல்லக்கும், சுமையாட்களும் கொடுத்ததோடு, ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செய்து பழகிய யோகிகளையும், பிராமணர்களையும் துணையாக அனுப்பினார். நாம் சிவனொளிபாதம் என்றும், சிங்கள மக்கள் ஸ்ரீ பாத என்றும், இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஆதாமின் மலை என்றும் போற்றுகிற, 2,243 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில், பாறையில் படிபோல் வெட்டியிருந்ததையும், இரும்புத் தூண்களை நாட்டி, ஏறுகிறவர் பற்றிக்கொள்ளச் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். சங்கிலிகள் பத்து என்றும், பத்தாவது சங்கிலிக்கு இஸ்லாமிய விசுவாசப் பிரமாணத்தின் பெயர் வழங்கியது என்றும் அவர் கூறுகிறார். அந்த இடத்தை அடைந்து மலையடிவாரத்தை நோக்குகிறவன், விழுந்துவிடுவோம் என்ற அச்சம் பற்றிக்கொள்ள, மரணத் தறுவாயில் சொல்வதுபோலப் பிரமாணத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவானாம், அதனாலேயே அப்பெயர்!

அன்பர்களே, இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஆறு நூற்றாண்டுகளுக்கு முன், உலகத்தின் பெரும்பகுதியைச் சுற்றியவர்கள் நடந்த பாதையில், இந்தப் பயம் ஓர் இடத்துக்கே பெயர் கொடுக்கும் அளவுக்குச் சர்வ சாதாரணமாக இருந்திருக்கிறது; அதற்காக எவரும் எவரையும் இகழ்ந்ததாகத் தெரியவில்லை. இரண்டாவதாக, அக்காலத்துப் பெரியோர்கள் பயப்படாதே என்று உபதேசம் மட்டும் செய்துவிட்டுப் போகவில்லை. படி வெட்டினார்கள், தூண் நாட்டினார்கள், சங்கிலி கட்டினார்கள், பழகியவனைத் துணைக்கு அனுப்பினார்கள்.

இனி, பயத்தை வென்ற ஒருவரின் கதை. ஜெர்மானிய மகாகவி கதே, இருபது வயது வாலிபராக 1770இல் சட்டம் பயில ஸ்திராஸ்பூர்க் நகரத்துக்கு வந்தார். உயரமான இடத்திலிருந்து கீழே நோக்கினால் அவருக்குத் தலை சுழலும். இந்தப் பலஹீனத்தை வைத்துக்கொண்டு வாழ அவர் விரும்பவில்லை. அந்நகரத்துப் பெரிய தேவாலயத்தின் கோபுரம் 142 மீட்டர் உயரமானது. அக்காலத்தில் உலகத்திலேயே உயர்ந்த கட்டடம் அதுவே. கதே தனியாக அதன் உச்சிக்கு ஏறி, மகுடத்தின் அடியில் கால்மணி நேரம் வரையில் உட்கார்ந்திருந்து, பிறகு திறந்த வெளிக்கு வந்து, பிடித்துக்கொள்வதற்கு ஒன்றுமில்லாத சிறு மேடையொன்றில் நின்றார். பயம் பயமாகவே இருந்தது. அவர் மறுபடியும் வந்தார். அந்த உணர்ச்சி தமக்கு ஒரு பொருட்டன்று என்று ஆகும் வரையில் திரும்பத் திரும்பச் செய்தார். பிற்காலத்தில் மலைப் பிரயாணங்களிலும், உயர்ந்த கட்டடங்களின் சாரங்களில் ஏறிப் பார்த்தபோதும், அந்த அப்பியாசம் தமக்குப் பெரிதும் பயன்பட்டது என்று தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பேரொலியைச் சகிக்கமாட்டாத தம் காதுகளைப் பழக்குவதற்காக, இராணுவ முரசு முழக்குவோரின் பக்கத்திலேயே அவர் நடந்து சென்றதும் அக்காலத்தில்தான்.

ஆயினும் கதே கையாண்ட முறையை அப்படியே உங்களுக்குச் சிபாரிசு செய்ய நான் துணியமாட்டேன். உச்சியிலேயே தொடங்குவது அவரைப்போன்ற திடசித்தம் உள்ளவருக்கு ஏற்கலாம். மற்றவர் அந்த முதல் அனுபவத்திலேயே மனமுடைந்து, மறுமுறை அருகிலும் வராமல் போகக்கூடும். சிறு அளவில் தொடங்குவதே சரியானது என்பதை 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார் காட்டினார். முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவன் தனக்குப் பிரியமான பண்டத்தைத் தின்றுகொண்டிருக்கும்போது, கூண்டிலிட்ட முயலை முதலில் தூரத்தில் வைத்து, பிறகு சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து, முடிவில் அவனே அதைத் தொட்டு விளையாடும்படி செய்தார். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப்பே 1958இல் வெளியிட்ட நூலில் இதை ஒரு முறையான சிகிச்சையாக வகுத்தார். பயம் தரும் காரியங்களைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்திக்கொண்டு, உடலைத் தளர்த்தி அமைதிப்படுத்தக் கற்றபின், ஒன்று பழகிய பின்னரே அடுத்ததற்குப் போகவேண்டும் என்பது அதன் சாரம்.

இதற்கு உவமை தேடி நாம் எங்கும் போகவேண்டியதில்லை; நம் ஊர் நிலையத்தில் வந்து நிற்கும் புகைவண்டியே போதும். கண்டிக்கு 1867இல் வந்த இருப்புப்பாதை, அட்டனைக் கடந்து 1885இல் நானுஓயாவை அடைந்து, பின்னும் மேலேறிப் பட்டிப்பொலவைத் தாண்டி, ஒஹியாவுக்குப் போகும் வழியில் தன் உச்சியைத் தொடுகிறது. அத்தனை கனமான வண்டி இத்தனை உயரம் எப்படி ஏறியது? செங்குத்தாக ஒரே மூச்சில் ஏறவில்லை. 44 அடி முன்னே போனால் ஓர் அடி மேலே போகலாம் என்ற அளவுக்கு மிஞ்சாதபடி, மலையை வளைத்தும், குடைந்தும், சுற்றியும் பொறியியலாளர் வழி வகுத்தார்கள். உயரத்தைக் குறைக்க அவர்களால் முடியாது. சாய்வைக் குறைக்க முடிந்தது. பயத்தை வெல்லும் உபாயமும் அவ்வளவே.

காரியத்தில் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். அஞ்சுகிற ஒருவர், தம் ஊரிலுள்ள படிகளை எண்ணிப் பார்த்து, எதற்கு மிகக் குறைவாக அஞ்சுகிறாரோ அதை முதலிலும், எதை நினைத்தாலே நடுக்கம் வருகிறதோ அதைக் கடைசியிலும் வைத்து, பத்துப் பன்னிரண்டு நிலைகளை எழுதிக்கொள்ளட்டும். வீட்டு வாசலின் இரண்டு படிகள் முதல் நிலையாக இருக்கலாம். பகலில், உலர்ந்திருக்கும்போது, துணையோடு இறங்கும் கோவிற்படி நடுவில் வரலாம். தனியாக, மூடுபனியில், பெரும் படிக்கட்டில் இறங்குவது இறுதியில் நிற்கலாம். முதல் நிலையில் போய் நிற்கவேண்டும். நெஞ்சு அடிக்கும், அடிக்கட்டும். அங்கேயே நின்றால், ஏறிய பயம் சிறிது நேரத்தில் தானே இறங்கத் தொடங்குவதை அவர் காண்பார். அது இறங்கிய பின்னரே அந்த இடத்தை விட்டு வரவேண்டும். உச்சத்தில் இருக்கும்போது ஓடிவந்தால், முன்னே சொன்ன பொய்யான ஆறுதலைத்தான் மனம் கற்றுக்கொள்ளும். வாரத்துக்கு ஒருநாள் நீண்ட நேரம் செய்வதைவிட, நாள்தோறும் சிறிது நேரம் செய்வது நல்லது. ஒரு நிலை சலித்துப்போகும் வரையில் செய்துவிட்டு அடுத்ததற்குச் செல்லவேண்டும்.

நிற்கும்போது கடைப்பிடிக்கவேண்டிய சில நுட்பங்களும் உண்டு. அடிவாரத்தையோ பள்ளத்தையோ வெறித்துப் பார்க்காமல், இரண்டு மூன்று படிகளுக்கு அப்பால் பார்வையை வைக்கவேண்டும். பக்கத்துச் சுவரோ கம்பியோ கடைக்கண்ணில் தெரியும்படி நடந்தால், உடலின் ஆட்டத்தைத் திருத்தக் கண்ணுக்கு வேண்டிய ஆதாரம் கிடைக்கிறது. அச்சத்தில் மேல்மூச்சு வேகமாக வாங்கினால், இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து அதனாலேயே தலை கிறுகிறுக்கும்; அந்தக் கிறுகிறுப்பை விழுவதற்கான அறிகுறி என்று தப்பாக எண்ணி மேலும் அஞ்சுவோம். ஆகவே மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடப் பழகவேண்டும். கம்பியைப் பிடிப்பதில் குற்றமில்லை. அது எல்லோருக்கும் உரிய ஆதாரம். ஆனால் மகளின் தோளையும், கணவரின் கரத்தையும் இறுகப் பற்றிக்கொண்டே காலமெல்லாம் நடந்தால், அவர்கள் இருந்ததால் பிழைத்தேன் என்று மனம் கணக்கு எழுதிவிடும்; பிடித்த கை விரலாகி, விரல் பக்கத்தில் நடக்கும் துணையாகி, துணை பத்துப்படி தள்ளி நிற்பதாகி, முடிவில் தானே நடப்பதாக வேண்டும்.

இடையில் ஒருநாள், வென்றதாக நினைத்த பயம் மீண்டும் வந்து முன்னே நிற்கும். அதனால் தளரவேண்டாம். அடங்கிப்போன பழைய பழக்கம் இளைப்பாறியபின் தானே தலையெடுப்பதை, ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் தம் நாய்களிடத்திலேயே கண்டிருக்கிறார். மனம் பழைய பாடத்தை மறப்பதில்லை. புதிய பாடத்தையும் கற்கிறது. புதியது நிலைபெற வேண்டுமானால், ஒரே படியில் மட்டும் பழகாமல், வெவ்வேறு படிகளில், காலையிலும் மாலையிலும், வெயிலிலும் மூடுபனியிலும் பழகவேண்டும்.

இந்தச் சிகிச்சையின் அங்கங்கள் பலவும் நம் யாத்திரை மரபில் முன்பே அமைந்திருக்கின்றன என்பதை நினைத்து நான் வியப்பதுண்டு. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசி விசாகம் வரை நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறும் கூட்டத்தைப் பாருங்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். எவரும் தனியே ஏறுவது அபூர்வம். பழகிய முதியவர் ஒருவர் முன்னே நடக்க, குழுவாக ஏறுகிறார்கள். அப்படித் தலைமை தாங்குகிறவரைச் சிங்கள மக்கள் ‘நடே குரா’ என்றும், முதன்முறை ஏறுகிறவர்களைக் ‘கோடுகாரயோ’ என்றும் அழைத்து, புதியவரைத் தனிக் கவனத்தோடு அழைத்துச் செல்கிறார்கள். வழியில் தேநீர்க் கடைகளும் அம்பலங்களும் இருப்பதால், வேண்டும்போது உட்கார்ந்து மூச்சு வாங்கலாம், எவரும் அவசரப்படுத்துவதில்லை. உச்சியில் தொங்கும் மணியை, எத்தனை முறை ஏறினாரோ அத்தனை முறை ஒவ்வொருவரும் அடிக்கிறார்கள். பயத்தை வெல்வது ஒருமுறைக் காரியமன்று, எண்ணி எண்ணிச் சேர்க்கும் பழக்கம் என்பதை அந்த மணியைவிடத் தெளிவாக எந்த நூலும் சொல்லவில்லை. இரவில் விளக்கொளியில் படியை மட்டும் பார்த்து ஏறியவர்கள், விடிந்தபின் பள்ளத்தைக் கண்டு இறங்கக் கூசுவதும் அங்கே சாதாரணம். அப்போதும் முன்பின் அறியாத ஒருவர் கை கொடுப்பார். அவர் எந்தச் சமயம், எந்த மொழி என்று எவரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டுப் பழனியிலும், 693 படிகள் ஏற இயலாதவர்க்கென்று சாய்வு குறைந்த யானைப்பாதை ஒன்று உண்டு. அவ்வழியே ஏறினவரை முருகன் ஏற்றுக்கொள்ளமாட்டான் என்று எவரும் சொன்னதில்லை.

ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டியது என் கடமை. எல்லாத் தலைசுற்றலும் பயத்தால் வருவதன்று. படுக்கையில் புரண்டாலே அறை சுழல்வதுபோல் இருந்தால் அது உட்செவியின் கோளாறாக இருக்கலாம். அங்குள்ள நுண்ணிய துகள்கள் இடம் பெயர்வதால் வரும் அந்நோயை, மருத்துவர் தலையை முறைப்படி திருப்பிவைத்தே பெரும்பாலும் குணப்படுத்திவிடுவார். எழுந்து நின்றதும் கண் இருண்டால் இரத்த அழுத்தத்தையும், நம் தோட்டத்துப் பெண்களை வாட்டும் இரத்தச் சோகையையும் சோதிக்கவேண்டும். பார்வை மங்கினால் கண்ணையும், கால் மரத்துப்போனால் நீரிழிவையும் பார்க்கவேண்டும். முதியோர், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைத் தினந்தோறும் சில முறை செய்தால் தொடைத் தசை வலுப்படும். தேய்ந்த ரப்பர் செருப்போடு ஈரப்படியில் இறங்குவதையும் விட்டுவிடவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நோயை மனத்தைரியத்தால் தீர்க்க முயல்வது அறியாமை.

இதுவரை அஞ்சுகிறவர் செய்யவேண்டியதைச் சொன்னேன். இனி நாம் செய்யவேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். படிப்பயத்தில் ஒரு பாதி மனிதனுடையது. அது அப்பியாசத்தால் தீரும். மற்றொரு பாதி படியினுடையது. அது அப்பியாசத்தால் தீராது, சீமெந்தாலும் இரும்பாலுமே தீரும். நம் தோட்டங்களில் பல படிகள், கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்தின் தொடக்கத்திலும் மண்ணை வெட்டிக் கல்லை நட்டு அமைத்தவை; ஒன்று அரையடி, அடுத்தது முக்காலடி, அதற்கடுத்தது மழையில் கரைந்து சாய்ந்தது. மூன்று படி இறங்குவதற்குள் கால் அவற்றின் உயரத்தைக் கற்றுக்கொண்டு, நான்காவதும் அப்படியே இருக்கும் என்று நம்பி இறங்குகிறது. அது மாறியிருந்தால் தடுமாறுகிறது. படியின் உயரத்தை இருமடங்காக்கி அதனோடு அகலத்தைக் கூட்டினால் மனிதனின் ஒரு நடைக்குச் சமமாக வரவேண்டும் என்று, பிரெஞ்சு நாட்டுக் கட்டடக்கலைஞர் பிளொண்டல் பதினேழாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். அக்கணக்கின்படி, படியின் உயரம் 16 சென்றிமீற்றரானால் அகலம் 30 சென்றிமீற்றர் அளவில் இருக்கவேண்டும். எல்லாப் படியும் ஒரே அளவாக இருக்கவேண்டும். இடுப்பளவில் ஒரு கம்பியும், விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடும், இரவில் ஒரு விளக்கும் வேண்டும். இவை மாளிகைக்குரிய ஆடம்பரங்கள் அல்ல. 1344க்கு முன்பே ஒரு காட்டுமலையின் உச்சியில் சங்கிலி கட்டிய நாட்டில், இன்று லயத்துப் பாட்டி பீலிக்கு இறங்கும் வழியில் ஒரு கம்பி நடக்கூடாதா?

ஆகவே, தோட்ட நிர்வாகத்தாரிடமும் பிரதேச சபையாரிடமும் இதை நியாயமாகக் கேளுங்கள். அவர்கள் செய்யும் வரையில் காத்திராமல், இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, தங்கள் லயத்தின் மிக மோசமான படியொன்றைப் பாசி சுரண்டிச் சமன்படுத்திக் கைப்பிடி நட்டுக்கொடுங்கள். வீட்டில் அஞ்சுகிறவர் இருந்தால் அவரை ஏளனம் செய்யாதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள், அன்பின் பெயரால் மூலையில் உட்காரவைத்தும் விடாதீர்கள். நாளைக் காலையில் அவரோடு வாசலுக்கு வந்து, முதற்படியில் அவர் பயம் அடங்கும் வரையில் பக்கத்தில் நில்லுங்கள். என் வேண்டுகோள் இவ்வளவே.